கருத்து: இல்லை

இல்லை என்று எழுதிவிட்டேன். நீல மையில், கட்டத்துக்குள் அடங்கும்படி எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பம், தேதி, மணி பத்து நாற்பது. திரும்பி வரவேண்டிய மாத்திரைகள் ஏழு, வந்தவை ஏழு, கருத்து இல்லை. பதினாலாம் எண்ணுக்கு ஒரு இல்லை, பதினைந்தாம் எண்ணுக்கு ஒரு இல்லை. எழுதி முடித்த பிறகும் மாத்திரைகளைப் புட்டியில் போட்டு மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன். எண்ணும் தட்டில் இரண்டு குவியலாகக் கிடக்கின்றன, சின்னதாய், வெளிர்மஞ்சளாய், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல். தெரியக்கூடாது என்பதற்காகவே செய்தவை. ஒரு குவியலில் மருந்து இருக்கலாம், இன்னொன்றில் வெறும் மாவு இருக்கலாம், எதில் எது என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, விழுங்குகிறவர்களுக்கும் தெரியாது. எங்கோ ஒரு கணினியில் பூட்டி வைத்திருக்கிறார்களாம். பதினொன்றரைக்குக் கம்பெனியின் கண்காணிப்பாளர் நம்பியார் பெங்களூரிலிருந்து வந்துவிடுவார், இந்தப் படிவங்களைத்தான் முதலில் கேட்பார். இன்னும் ஐம்பது நிமிடம். ஏழும் ஏழும் என்பதில்தான் எனக்கு முதல் உறுத்தல். முடக்குவாதத்துக்கான இந்தப் புது மருந்துக்காக ஐந்து மாதமாக இந்த அறையில் உட்கார்ந்து மாத்திரை எண்ணுகிறேன், ஒருவருக்கும் சரியாக வந்ததில்லை. சிங்காநல்லூர்ப் பேங்க்காரருக்குப் பதினொன்று மிச்சம், கல்யாண வீட்டுக்குப் போனேன் மறந்துவிட்டேன் என்பார். ஒரு அம்மா மீதியையெல்லாம் வரும் வழியில் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டுக் காலிப் புட்டியை நீட்டி, தீந்துபோச்சுங் என்று கண்ணைப் பாராமல் சொன்னார். மனிதர்களுடைய கணக்கு அப்படித்தான் வரும், கோணலாக. சரியாக வருவது யாரோ உட்கார்ந்து சரி செய்தது. இந்த இரண்டு பேருக்கு மட்டும் மூன்று மாதமும் ஏழு, ஏழு, ஏழு. அதைக்கூட விட்டிருப்பேன், புட்டியைத் திறந்தபோது அந்த வாசனை வராமலிருந்தால்.

பதினாலு பாவாத்தாள், பதினைந்து துளசிமணி. அன்னூர்ப் பக்கம் ஒரே வீட்டில் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள், ஒருவருக்கு ஐம்பத்தெட்டு, மற்றவருக்கு ஐம்பது. இரண்டு பேருக்கும் ஒரே நோய் வந்தது பெரிய அதிசயமில்லை, அதே வீட்டில் இருப்பதால் ஆய்வில் ஒன்றாகச் சேர்ந்ததும் அதிசயமில்லை. முதல் மாதம் பாவாத்தாள் புட்டியைத் திறந்தபோது அடியில் திருநீறு இருந்தது, சாமி அறையில் வைக்கிறாராம், தினம் கும்பிட்டுவிட்டு விழுங்குகிறாராம். துளசிமணியின் புட்டியில் பெருங்காயம் மணந்தது, அவருடையது அடுப்பங்கரை அலமாரியில். அப்போதே எனக்குள் சிரித்துக்கொண்டு, ஒன்று கோயில், ஒன்று சாம்பார் என்று பெயர் வைத்திருந்தேன். இன்றைக்குக் கோயிலைத் திறந்தேன், பெருங்காயம். சாம்பாரைத் திறந்தேன், தட்டில் கவிழ்த்தபோது ஓரத்தில் திருநீறு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு வேளை மூடி மாறியிருக்கும். வாசனை மூடியில் ஒட்டிக்கொள்ளும். திருநீறு ஒட்டிக்கொள்ளுமா? கைப்பையில் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள், இரண்டும் திறந்துகொண்டு கொட்டியிருக்கும். கொட்டியிருந்தால் ஏழும் ஏழும் எப்படி. இப்படியே போய்க்கொண்டிருக்கும்போதே இல்லை என்று கை எழுதிவிட்டது. என் கை எப்போதும் இப்படித்தான், கல்லூரியில் வருகைப்பதிவின்போது நான் வராத நாளுக்கும் வந்ததாகப் போட்டிருப்பதைப் பார்த்தும் எழுந்து சொல்லாமல் கையெழுத்துப் போட்ட கை. எழுந்து நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதற்காகவே எத்தனை பொய்க்கு நான் உடந்தையாக இருந்திருக்கிறேன்.

பயிற்சி கொடுக்கும்போது ஒரு வாக்கியம் திரையில் போட்டார்கள், எழுதாதது நடக்காதது. நல்ல வாக்கியம்தான். எழுதாமல் விட்டால் பெருங்காய வாசனை நடக்கவில்லை. ஆனால் ஈரல் நடந்திருக்கிறதே. நேற்று எடுத்த ரத்தத்தின் முடிவு காலையில் வந்தது. பாவாத்தாளுக்கு ஈரல் கெடுவதைக் காட்டும் நொதியின் அளவு நாலு மடங்கு ஏறியிருக்கிறது. துளசிமணிக்குச் சரியாக இருக்கிறது. காகிதத்தைக் கொண்டுபோய் டாக்டர் மயில்சாமியிடம் நீட்டியபோது அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே பார்த்தார். "நித்திலா, இந்தம்மா போன தடவையும் கை முன்னேற்றம் ஒண்ணும் சொல்லல இல்ல?" முதல் மாதம் இல்லைங்க சார், அடுத்த மாதத்திலிருந்து நன்றாக இருக்கிறதாம் என்றேன். "அது மனசு. டம்மி பக்கம்தான் இருக்கும். வீட்ல எதாச்சும் கஷாயம் காச்சிக் குடிச்சிருக்கும், கேட்டு எழுதி வை." டம்மி பக்கம் என்று அவர் ஊகிக்கவே கூடாது, ஆனால் எல்லோரும் ஊகிக்கிறார்கள், நானும்தான். முதல் மாதம் துளசிமணிக்கு விரல் வீக்கம் வடிந்தது, பாவாத்தாளுக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து இரண்டு பேருக்கும் வடிந்தது. அப்போது டாக்டர் மகிழ்ச்சியாக மேசையைத் தட்டினார், நானும் மகிழ்ச்சியாக எழுதினேன். மகிழ்ச்சியான விஷயங்களை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. என் அம்மாவுக்கும் இதே நோய். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் "உங்க மருந்து எப்போ கடைக்கு வரும்" என்கிறாள், நான் என் வீட்டுக் கொல்லையில் காய்ச்சுகிற மாதிரி. வருமா என்று கேட்பதில்லை, எப்போ என்றுதான் கேட்கிறாள். இன்னும் மூன்று வருடம் ஆகும்மா என்றால் மறுமுனையில் ஒரு மௌனம், அவள் விரலை நீட்டி மடக்கிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த மௌனத்துக்காகத்தான் இல்லை என்று எழுதினேனா? என்னையே நான் நம்ப முடியவில்லை. நம்பக்கூடாது என்றுதான் இந்த ஏற்பாடே. இந்த மருந்துக்கு இதுவரை பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறதாம். ஆயிரக்கணக்கான பொருள்களைக் கலக்கி, கொட்டி, ஒன்றைப் பொறுக்கி, எலிக்குக் கொடுத்து, நாய்க்குக் கொடுத்து, திடமான ஆண்கள் சிலருக்குக் கொடுத்து, பிறகுதான் நோயாளியிடம் வருகிறது. அவ்வளவு தூரம் வந்த பிறகும் பத்தில் ஒன்பது மருந்து இங்கே, மனிதர்களிடம் வந்து தோற்று விழுகிறது. ஏன் இவ்வளவு விலை என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில், சந்தேகம். நோயாளியை நம்பாமல் எண்ண என்னை வைத்திருக்கிறார்கள். என்னை நம்பாமல் பார்க்க நம்பியார். நம்பியாரை நம்பாமல் தணிக்கைக்கு வேறு ஆட்கள். கம்பெனியை நம்பாமல் அரசாங்கம். மாத்திரையைக் குளிரில் வைத்தோமா என்று மணிக்கொரு தரம் பார்க்க ஒரு கருவி, அந்தக் கருவி சரியாகப் பார்க்கிறதா என்று பார்க்க வருடத்துக்கு ஒருவர். அத்தனை பேரும் சந்தேகப்பட்டு முடித்துக் கடைசியில் மிஞ்சுவதைத்தான் மருந்து என்று பெட்டியில் போடுகிறார்கள். அத்தனை பேரையும் கடந்து பெருங்காயம் உள்ளே வந்துவிட்டது. படிக்கும்போது எலிகளுக்கு நான் மருந்து ஊட்டியிருக்கிறேன். கூண்டுக்கு ஒரு சீட்டு, சீட்டில் ஒரு எண், பக்கத்துக் கூண்டு எலி நொண்டுகிறதே என்று எந்த எலியும் கவலைப்பட்டதில்லை. எலிக்கு ஓரகத்தி கிடையாது.

அந்த நினைப்பில்தான் எங்கோ ஒரு சிரிப்பு கேட்டது, இங்கே இல்லை, மூன்று மாதம் முன்னால். ஒப்புதல் படிவத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டியது நான். பன்னிரண்டு பக்கம். மேலே இருக்கிறவர்கள் மொழிபெயர்த்து முத்திரை வாங்கி அனுப்பியது. பங்கேற்பாளர்களில் பாதிப்பேருக்கு ஆய்வு மருந்தும் மீதிப்பேருக்குப் போலி மருந்தும் வழங்கப்படும். அந்தச் சொல் வந்ததும் என் குரல் தானாக இறங்கியது. முதன்முதலில் படித்த நாளே எனக்கு அது உறுத்தியது. மருந்தில்லாத மாத்திரை என்று போட்டிருக்கலாம். ஆனால் ஒரு சொல்லை மாற்றினால் எல்லா ஊர்ப் படிவத்தையும் திரும்ப அச்சடித்து, திரும்ப நெறிமுறைக் குழு கூடி, திரும்ப முத்திரை, மூன்று மாதம் ஆகும் என்றார்கள். என்றார்கள் என்று சொல்கிறேன், நான் யாரிடமும் கேட்கவே இல்லை. கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள் என்று நானே நினைத்து நானே வாயை மூடிக்கொண்டேன். பாவாத்தாள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "போலின்னா, டிவியில காட்டறாங்களே, போலீஸ் புடிக்குமே, அதுங்களா அம்மிணி?" இல்லைங்க, அதில் மருந்து இருக்காது, அவ்வளவுதான். "மருந்தில்லாத மாத்தரைய எதுக்குக் கண்ணு குடுக்கறீங்க?" ஒப்பிட்டுப் பார்க்கத்தாங்க. அதற்குத் துளசிமணி, "எங்க மாமியா இப்பிடித்தானுங், ஒருத்திக்கு நெய் ஊத்துவா, ஒருத்திக்கு மோர் ஊத்துவா, எவ மொகம் சுளிக்கறான்னு நின்னு பாப்பா" என்றார். அப்போ நீங்க என்ன பண்ணினீங்க என்று நான் கேட்டேன், நானேதான் கேட்டேன். "என்ன பண்றது, அவ அந்தக்கட்டால போனதும் ரெண்டு வட்டலையும் ஒண்ணாக் கொட்டிப் பெசைஞ்சு பாதி பாதி தின்னம்." மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். பிறகு இங்கே கைநாட்டு, இங்கே கையெழுத்து, இங்கே சாட்சி. அவர்கள் சொல்லிவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள். தட்டில் இருக்கிற பதினாலு மாத்திரையும் இப்போது பிசைந்த சோறு போல எனக்குத் தெரிகிறது. பிசைந்திருந்தால், ஐயோ, பிசைந்திருந்தால் என்ன ஆகும் என்று நிதானமாக யோசிக்க வேண்டும். பாவாத்தாளுக்குப் பெயர் எழுதி வந்தது மாவு மாத்திரை என்று வைத்துக்கொண்டால், கடைசியில் கணினியைத் திறக்கும்போது என்ன சொல்லும்? மாவு தின்றவளுக்கும் விரல் சரியானது, ஆகவே மருந்து ஒன்றும் கிழிக்கவில்லை. மாவு தின்றவளுக்கும் ஈரல் கெட்டது, ஆகவே மருந்தின்மேல் தப்பில்லை. இரண்டும் பொய். ஒரு பொய் நல்ல மருந்தைக் கொல்லும், ஒரு பொய் கெட்ட மருந்தை அம்மாவின் கையில் கொண்டுவந்து கொடுக்கும். எது நடக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டு பேர்தானே, எண்ணூறு பேரில். ஆனால் ஈரல் அளவு ஏறியவர்களே மொத்தம் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும், எங்கள் ஊரில் இவர் ஒருவர்தான்.

எழுந்தேன். கையுறையைக் கழற்றவில்லை. கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இருவரும் காத்திருக்கும் இடத்தில் கடைசி நாற்காலிகளில், டிபன் டப்பாவைத் திறந்து கோதுமை உப்புமா தின்றுகொண்டிருக்கிறார்கள். ஒரே டப்பா. ஸ்பூன்கூட ஒன்றுதான், மாறி மாறி. இதையும் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன கேட்பது? மாத்திரையைக் கலந்தீர்களா என்றால் இல்லை என்பார்கள், அதோடு முடிந்தது, அதை எழுதிவிடலாம். இல்லை என்று சொல்லும்படியாகக் கேட்க எனக்குத் தெரியும், குரலைச் சற்றுக் கடுமையாக்கினால் போதும். போகும் வழியில் தண்ணீர்க் குழாய் அருகே நின்று ஒரு டம்ளர் குடித்தேன், தாகமில்லை. பாவாத்தாள் என்னைப் பார்த்ததும் ஸ்பூனை நீட்டி, "ஒரு வாய் திங்கறயா அம்மிணி, எளைச்சுப்போய்ட்ட" என்றார். உட்கார்ந்தேன். மாத்திரையை இப்போ எங்கேங்க வைக்கறீங்க என்றேன். இது நான் கேட்க நினைத்த கேள்வி இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பொய் சொல்கிறவர்கள் பார்ப்பார்கள். "எங்கீன்னா, சாமி ரூம்புல ஒரு டப்பா, அடுப்பங்கரையில ஒரு டப்பா. அதுல எது எவுளுதுன்னு இப்பத் தெரியாதுங்" என்றார் துளசிமணி. அப்படி ஒரு சாதாரணக் குரலில். "மொத மாசம் எனக்கு நல்லாருந்துச்சு, அக்காளுக்கு ஒண்ணும் கேக்குல. செரி, கடிச்சுப் பாப்பம்னு ஆளுக்கொண்ணு கடிச்சம். என்ற மாத்தரை கசக்குது, அக்காளுது சப்புன்னு இருக்குது. அப்பப் போலி எதுன்னு தெரிஞ்சுபோச்சு இல்லீங்?" பாவாத்தாள் தொடர்ந்தார். "மொறத்துல ரெண்டு டப்பாவையும் கொட்டிக் கலக்கி, எண்ணிப் பாதி பாதி போட்டுக்கிட்டம். கணக்கு மட்டும் தப்பக்கூடாது, நீ திட்டு வாங்குவயின்னு, காலண்டர்ல புள்ளி வெச்சே திங்கறம்." எனக்காக. அந்த ஏழும் ஏழும் எனக்காக. கஷாயம் எதாவது குடித்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் கூடாதுன்னு நீதான சொன்ன." ஈரல் அளவு ஏறியிருப்பதை, டாக்டர் சொல்லவேண்டியதை, நானே பாதி சொன்னேன். பாவாத்தாள் வயிற்றின் வலப்பக்கம் கை வைத்துப் பார்த்துக்கொண்டார், அங்கே ஏதோ பேசுகிறதா என்பது போல. "நிறுத்திப்போடுவாங்களா?" நிறுத்துவாங்கங்க. உங்களுக்குக் கண்டிப்பா. அவங்களுக்கும் இருக்கலாம். அவர் கையை நீட்டி முழுதாக மடக்கிக் காட்டினார், விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டது. "ஏழு வருசமா என்ற ரவிக்கைக்கு ஊக்கு இவதான் போட்டுவுட்டா அம்மிணி. இந்த ரெண்டு மாசமா நானே போட்டுக்கறேன்." துளசிமணி டப்பாவை மூடினார், "அதுக்கென்ன, மறுக்கா போட்டுவுடறேன்" என்றார், பிறகு, "எனக்கும் நிறுத்திப்போட்டா ரெண்டு பேத்துக்கும் எவ வந்து போடுவாளோ" என்று சிரித்தார். பாவாத்தாள் சிரிக்கவில்லை. "எழுதோணும்னா எழுதிக்கோ கண்ணு. தனித்தனியா எழுதாத. ரெண்டு பேத்தையும் ஒண்ணாச் சேத்து எழுது."

திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். கசப்பாம். கசந்தால் மருந்து, சப்பென்றிருந்தால் போலி. மாவு மாத்திரையையும் கசக்கும்படிதான் செய்திருப்பார்கள் என்று சொல்லவேண்டும் என்று அங்கேயே தோன்றியது, சொல்லவில்லை. அப்படியானால் சப்பென்று இருந்தது எது? மேல்பூச்சு சரியாக உடையாமல் விழுங்கியிருக்கலாம். வெற்றிலை போட்ட வாயாக இருந்திருக்கலாம். இரண்டுமே மாவாக இருந்து, பிசைந்து தின்ற சோறுதான் விரலைச் சரியாக்கியிருக்கலாம், ஈரலுக்கு, ஆய்வுக்கு முன்பிருந்தே வாதத்துக்குத் தின்றுவந்த பழைய மாத்திரையே காரணமாக இருக்கலாம். இரண்டுமே மருந்தாகவும் இருக்கலாம். ஒரு மாத்திரையை எடுத்து நான் நக்கிப் பார்க்கலாம். கையுறை விரலில் வெளிர்மஞ்சள் பொடி ஒட்டியிருக்கிறது, உதட்டருகே கொண்டுபோனேன், பெருங்காயமும் திருநீறும் சேர்ந்த வாசனை வந்தது, கீழே இறக்கினேன். அது என் வேலை இல்லை. என் வேலை, எது எதுவென்று தெரியாது என்று எழுதுவது. அவ்வளவு சின்ன வேலை. படிவத்தை இழுத்தேன். இங்கே எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. தவறான சொல்லின்மேல் ஒரே ஒரு கோடு, அடியில் உள்ள சொல் படிக்கும்படியாக. பக்கத்தில் சரியான சொல், ஒப்பம், தேதி, மணி. ஒரே ஒரு கோடு. இல்லை என்பதன்மேல் கோடு போட்டேன். கோட்டுக்கு அடியில் அந்தச் சொல் இன்னும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பதினாலுக்கு ஒரு கோடு, பதினைந்துக்கு ஒரு கோடு. இரண்டு படிவத்திலும் ஒரே வாக்கியம் எழுதினேன், இரண்டாம் மாதம் முதல் பதினாலு, பதினைந்து ஆகிய எண்களுக்குரிய மாத்திரைகள் ஒன்றாகக் கலக்கப்பட்டுப் பகிரப்பட்டன, இவர்கள் யார் எதை உட்கொண்டார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கீழே இடம் மிச்சமிருந்தது. யாரும் கேட்காமல் அதிலும் எழுதினேன், ஒப்புதல் படிவத்தில் உள்ள போலி என்ற சொல்லை இவர்கள் கள்ள மருந்து என்று புரிந்துகொண்டார்கள், வாசித்தபோது நான் அதைக் கவனித்தேன், தெரிவிக்கவில்லை. மணி பதினொன்று முப்பத்தைந்து. பிறகு படிவங்களை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். நம்பியார் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார், மேசையில் ஒரு காபி, மேலே ஆடை படியத் தொடங்கியிருந்தது. "எல்லாம் ஓகேதானே?" என்று டாக்டர் கேட்டார், நான் இரண்டையும் நம்பியார் முன்னால் வைத்தேன். அவர் பேனாவின் மூடியால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஏழு. ஏழு. கடைசிக் கட்டத்தில் மூடி நின்றது. கோட்டைப் பார்த்தார், கோட்டுக்கு அடியில் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருக்கிற இரண்டு மணியையும் மாறி மாறிப் பார்த்தார். "பத்து நாற்பதுக்கு இல்லை. பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கு இது. நடுவில என்ன நடந்தது?" தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், தட்டில் கிடந்த மாத்திரைகளைக் காலையில் நான் பார்த்த அதே மாதிரி. வெளியே நீண்ட கூடத்தில் டிபன் டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. இந்த முறை எழுந்து நிற்கவேண்டியதில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.